தகரப் பெட்டியில் கிடந்தவை

அன்பு மகளுக்கு,

"அந்தப் பழசுகளை எல்லாம் எறியுங்கோ அம்மா" என்று போனில் சொன்னாய். எறியவில்லை, எறியவும் மாட்டேன். உன் பள்ளிக்கூடக் காலத்து வளையல், ஒற்றைத் தோடு, அறுந்த மணிமாலை எல்லாம் தகரப் பெட்டியில்தான் கிடக்கின்றன. பின்னேரங்களில் விறாந்தையில் இருந்து ஒவ்வொன்றாகத் திருத்துகிறேன்.

முதலில் எடுத்தது அம்மம்மாவின் வெள்ளிக் கொலுசு. 2008 கடைசியில் சண்டைக்குள் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது கிணற்றடியில் தாட்டுவிட்டுப் போய், திரும்பி வந்த பிறகு கிண்டி எடுத்தது. கரிச்சட்டி மாதிரி இருந்தது. உருக்கத்தான் வேணும் என்றார்கள் கடையில். நான் பீங்கான் கோப்பையில் அலுமினியத் தாளை விரித்து, கொலுசு தாளில் படும்படி வைத்து, ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடாவும் கொஞ்சம் உப்பும் போட்டுக் கொதிதண்ணீர் ஊற்றினேன். கூழ்முட்டை மணம் வந்தது. நீ செய்தால் பயப்படாதே, வெள்ளியில் பிடித்திருந்த கந்தகம் கழன்று வருகிற மணம்தான் அது. தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்ற, தாள் கறுத்தது, கொலுசு வெளுத்தது. முத்து, பவளம், பசையால் ஒட்டின கல் உள்ள எதையும் இந்தத் தண்ணீரில் போட்டுவிடாதே. பற்பசை போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், கீறல் விழும்.

மணிமாலைக்குத் தையல் நூல் சரிவரவில்லை. மாமா முல்லைத்தீவில் இருந்து தங்கூசி வாங்கி வந்தார், மீன் பிடிக்கிற அதே நைலோன் நூல்தான். வழுக்கும், ஒற்றை முடிச்சு நிற்காது. மூன்று முடிச்சுப் போட்டு, நுனியை நெருப்புக்குச்சியால் லேசாகச் சுட்டேன். உருகிச் சின்னக் குமிழாகிப் பிடித்துக்கொண்டது.

கல் விழுந்த கவரிங் தோட்டுக்குச் சிவப்புக் கியூடெக்ஸ், நகத்துக்குப் பூசுவதுதான். ஊசி முனையால் குழிக்குள் ஒரு துளி விட்டு, காய்ந்த பிறகுதான் அடுத்த துளி. ஒரேயடியாக நிரப்பினால் மேலே காயும், உள்ளே களியாகக் கிடக்கும். வேறு கல்லை சுப்பர் குளூவால் ஒட்டு என்று சித்தி நின்றாள். அது காயும்போது எழும் ஆவி கல்லில் வெள்ளையாகப் படிந்து பளபளப்பைக் கெடுத்துவிடும். சித்திக்கு அதெல்லாம் எங்கே விளங்கும்!

பிளாஸ்டிக் வளையல்களுக்குப் பட்டுநூல் சுற்றியாயிற்று. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குச் சின்னவள் போடட்டும்.

தங்கத்தில் மட்டும் நான் கை வைக்கவில்லை. உன் அறுந்த சங்கிலி பத்தரிடம்தான் போகும். நீயும் அங்கே தங்க நகையில் பசை கிசை பூசிவிடாதே, பிறகு பற்றவைக்கிறவருக்குக் கரைச்சல்.

அப்புறம், இங்கே வாங்குகிற தோட்டுக் கம்பியால் சித்திக்குக் காது புண்ணாகிறது. நிக்கல் கலந்திருக்கும் போல. கம்பிக்கு நிறமில்லாத கியூடெக்ஸ் பூசினேன், கொஞ்ச நாளில் உரிந்துவிடுகிறது. அடுத்த பார்சலில் நிக்கல் இல்லாத கம்பி ஒரு பைக்கற் போட்டுவிடு, டைட்டேனியம் என்றால் இன்னும் நல்லது. கம்பியை மாற்றக் குறடு அப்பாவிடம் இருக்கிறது.

அம்மா