அங்கன்வாடி வரைபடங்களைக் குழந்தையின் உயரத்திலிருந்து வரையுங்கள்

தமிழ்நாடு அரசின் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், அங்கன்வாடிக் கட்டடங்களுக்கு வரைபடம் தயாரிக்கும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. பழுதடைந்தவற்றுக்கு மாற்றாகப் புதிய கட்டடங்கள் எழும்பிவரும் இவ்வேளையில், ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளன் என்ற முறையில் தங்கள் முன் வைக்க விரும்புவது ஒன்றுதான்: வரைபடத்தின் அளவுகளைக் குழந்தையின் உடலிலிருந்து எடுங்கள்.

சன்னலின் அடிமட்டத்தைத் தரையிலிருந்து மூன்றடியில் வைப்பது நம் வழக்கம். மூன்று வயதுக் குழந்தையின் முழு உயரமே ஏறத்தாழ அவ்வளவுதான் என்பதால், நான்கு சன்னல்கள் இருந்தாலும் அதன் கண்ணுக்குத் தெரிவது சுவரும் வானத்தின் ஒரு துண்டும் மட்டுமே. தெருவில் போகும் ஆடும் மரத்தடி அணிலும் தெரிவதில்லை. அடிமட்டத்தை ஒன்றரை அடிக்கு இறக்கி, ஏறுவதற்கு வாகான குறுக்குக் கம்பிகளைத் தவிர்த்து, நெடுக்குக் கம்பிகளை நான்கு அங்குலத்துக்குக் குறைவான இடைவெளியில் பொருத்தினால் பார்வையும் கிடைக்கும், பாதுகாப்பும் குறையாது. கைகழுவும் குழாய், கழிப்பறைப் பீடம், கதவுத் தாழ்ப்பாள் ஆகியவற்றுக்கும் இதே கணக்குதான். எட்டாத குழாயின் முன் நிற்கும் குழந்தை, யாராவது தூக்கிவிடும் வரை காத்திருக்கப் பழகிவிடுகிறது.

சுவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வண்ணப் படங்களையெல்லாம் ஐந்தடி உயரத்தில் வரைந்துவிடுகிறோம். ஆய்வுக்கு வரும் அலுவலருக்கு அவை அழகாகத் தெரியும். செயல்வழிக் கற்றல் முறை வந்தபோது நம் அரசுப் பள்ளிகளில் கீழ்மட்டக் கரும்பலகைகள் அமைக்கப்பட்டன. அதைப் போலவே தரையை ஒட்டி இரண்டரை அடிக்குக் கரும்பலகைப் பட்டை அமைத்தால், எழுதுகோலைப் பிடிக்கும் முன் தோளையும் மணிக்கட்டையும் வீசிக் கிறுக்க வேண்டிய வயதில் குழந்தைக்கு அதற்கான இடம் கிடைக்கும்.

விளையாட்டுப் பொருள்களின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. நான் பார்த்த ஒரு மையத்தில் மரக்கட்டைகள், உறைகூட நையாமல் பீரோவுக்குள் இருந்தன. பணியாளரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு கட்டை தொலைந்தாலும் இருப்புப் பதிவேட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. தானே எடுத்து, விளையாடி, திரும்ப வைக்கும் பழக்கம் கைக்கெட்டும் திறந்த அலமாரி இருந்தால்தான் வரும். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி வலியுறுத்தியதும் இதையே. ஆகவே அலமாரியை வரைபடத்தில் சேர்ப்பதோடு, உடைவதையும் தொலைவதையும் இயல்பான தேய்மானமாகக் கழிக்க ஓர் ஆணையும் வேண்டும்.

சமையலறையில் விட்டுக்கொடுக்கவே இடமில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகளைப் பலிகொண்ட தீ சமையற்கூடத்திலிருந்தே பரவியது. அடுப்புக்கும் குழந்தைகள் இருக்கும் அறைக்கும் இடையே முழுச் சுவரும், அறைக்கு வெளிப்புறம் திறக்கும் இரண்டாவது கதவும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

எந்த வரைபடத்துக்கும் ஒப்புதல் அளிப்பதற்கு முன், அம்மையத்தின் பணியாளரையும் உதவியாளரையும் அழைத்து, வெறுந்தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டி, அவர்கள் சொல்லும் திருத்தங்களைக் கோப்பில் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர்