பிக்சலைக் கலைத்தால் போதுமா? ப்ராஜெக்ட் கைடுகளுக்கு ஒரு திறந்த மடல்

பொறியியல் கல்லூரிப் பேராசிரியர்களுக்கு வணக்கம்.

கம்பியில்லா வலையமைப்பில் படங்களைப் பாதுகாப்பாக அனுப்புவது இறுதியாண்டு மாணவர்களுக்குப் பிடித்த தலைப்பு. உள்ளே பெரும்பாலும் ஒரே கதைதான்: மேட்லேபில் 512×512 கறுப்பு வெள்ளைப் படம், அதன் பிக்சல்களின் இடத்தையும் மதிப்பையும் கலைக்க ஒரு கேயாஸ் சமன்பாடு (தாறுமாறாகத் தோன்றும் எண்களைத் தருவது), ஹிஸ்டோகிராம் (எந்த வெளிச்சத்தில் எத்தனை பிக்சல் என்ற வரைபடம்) தட்டையாக வந்ததும் "பாதுகாப்பானது" என்ற முடிவுரை. (அந்தப் படம் இன்னமும், காலங்காலமாகச் சோதனைக்குப் பயன்பட்ட பெண்ணின் படமான லீனாதான் என்றால் மாற்றச் சொல்லுங்கள். 2024 ஏப்ரல் முதல் ஐஇஇஇ கம்ப்யூட்டர் சொசைட்டியே தன் ஆய்வுக் கட்டுரைகளில் அதை ஏற்பதில்லை.)

சரி, படத்தின் ஃபைல் அளவைக் குறைக்கும் சுருக்கம் எங்கே போயிற்று? பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதை நம்பித்தான் ஜேபெக் சுருக்குகிறது. கலைத்த பிறகு அந்த ஒற்றுமை ஏது? வலிந்து சுருக்கினால் பிக்சல் மதிப்புகள் மாறிவிடும். அப்புறம் சரியான சாவியே இருந்தாலும் பழைய படம் கிடைக்காது. முதலில் சுருக்க வேண்டும், பிறகுதான் என்கிரிப்ஷன் (சாவி வைத்து மறைப்பது).

இது தெரிந்தவர்கள், சுருக்கிய தரவில் கொஞ்சத்தை மட்டும் மறைக்கிறார்கள். ஜேபெக்கின் ஒவ்வொரு 8×8 பிக்சல் கட்டத்திலும் 64 கெழுக்கள், அதாவது அந்தக் கட்டத்தின் வெளிச்சத்தை விவரிக்கும் எண்கள். சராசரி வெளிச்சத்தைச் சொல்லும் டிசி கெழுவை மறைத்துவிட்டு, வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் மீதி 63 ஏசி கெழுக்களைத் திறந்தே விட்டால் உருவங்களின் விளிம்புகள் தெரிந்துவிடும். பேட்டரியில் ஓடும் கேமராவுக்கு இந்தச் சமரசம் தேவைப்படலாம், மறுக்கவில்லை. எது கசிகிறது என்பதையும் அறிக்கையில் எழுத வையுங்கள்.

என்பிசிஆர் (மூலப் படத்தில் ஒரு பிக்சலை மாற்றினால் மறைத்த படத்தில் எத்தனை சதவீதப் பிக்சல்கள் மாறுகின்றன என்ற அளவு) 99.6 சதவீதம் வந்ததை வைத்து மதிப்பெண் போடாதீர்கள். அந்த எண் அழகாக வந்த பல கேயாஸ் முறைகள், தாக்குபவர் தானே தேர்ந்தெடுத்த படங்களைக் கொடுத்துப் பார்த்ததும் உடைந்திருக்கின்றன. இன்று பரவலாகப் பயன்படும் என்கிரிப்ஷன் முறையான ஏஇஎஸ் 2001இல் தரநிலையானது. வைஃபையின் பழைய வெப் (WEP) பாதுகாப்பை ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் பிளந்து காட்டியதும் அதே ஆண்டுதான். பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு மாறும் எண்ணை ரகசியச் சாவியோடு அப்படியே ஒட்டி, உள்ளே இருந்த ஆர்சி4 என்ற என்கிரிப்ஷன் முறைக்குக் கொடுத்ததுதான் வெப்பின் வினை. புதுச் சமன்பாடு தேடுவதைவிட, இருக்கும் நல்ல முறையைச் சரியாகப் பயன்படுத்துவதுதான் கஷ்டம்.

இந்த ஆண்டு ஒரு குழுவையாவது இப்படிச் செய்ய வையுங்கள்: ஜேபெக் தரவைப் பாக்கெட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனி நான்ஸோடு (ஒரே ஒரு முறை மட்டும் பயன்படுத்த வேண்டிய எண்) ஏஇஎஸ்-ஜிசிஎம்மில் (மறைப்பதோடு தரவு மாற்றப்பட்டதா என்றும் காட்டும் ஏஇஎஸ் வகை) மறைத்து, இரண்டு லேப்டாப்புகளுக்கு இடையே உண்மையான வைஃபையில் அனுப்பட்டும். பாக்கெட் தொலைந்தால், நடுவில் யாராவது ஒரு பிட்டை மாற்றினால் என்ன ஆகிறது என்று பார்க்கட்டும். வைவாவில் கேட்க ஒரு கேள்வி: ஒரே சாவியும் ஒரே நான்ஸும் வைத்து இரண்டு படங்களை அனுப்பினால் என்ன நடக்கும்?