ஒரே பாத்தி, ஒரே பூவாளி

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்பு மாணவர்கள் இரண்டு பேர் பல வாரமாக ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்தார்கள். விளையாட்டில் தொடங்கிய சண்டை, இரண்டு வீட்டுப் பெரியவர்கள் வரைக்கும் போயிருந்தது. நானே கூப்பிட்டுப் பேசினேன். கை குலுக்கச் சொன்னேன். குலுக்கிவிட்டு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். அப்புறம் பள்ளித் தோட்டத்தைக் கவனிக்கும் ஆசிரியர் இருவருக்கும் சேர்த்து ஒரே பாத்தியைக் கொடுத்தார். பூவாளியும் ஒன்றுதான்.

முதல் இரண்டு நாள் ஒருவன் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பூவாளியைத் தரையில் வைப்பான், மற்றவன் வந்து எடுத்துக்கொள்வான். கைக்குக் கை மாறாது. அடுத்த நாள் தக்காளி நாற்று ஒன்று தலை சாய்ந்து கிடந்தது. "நீ தண்ணிய அதிகமா ஊத்திட்ட" என்றான் ஒருவன். "இல்ல, வேர்ல புழு இருக்கும்" என்றான் இன்னொருவன். இருவரும் குந்தி உட்கார்ந்து விரலால் மண்ணைக் கிளறினார்கள். தடித்த வெள்ளைப் புழு ஒன்று சுருண்டு கிடந்தது. அன்று மாலை மணி அடிக்கும்வரை அந்தப் புழுவைப் பற்றித்தான் பேச்சு. யாரும் யாரிடமும் மன்னிப்பு கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை.

எதிரெதிரே உட்காரவைத்து நான் பேசிய பேச்சால் ஆகாதது, பக்கத்தில் பக்கத்தில் குனிந்து வேலை செய்தபோது நடந்தது. பெரியவர்களிடமும் இது நடந்திருக்கிறது. இஸ்ரேலில் 1980களில், வயல் எலிகளுக்கு விஷம் வைப்பதற்குப் பதிலாக, எலி பிடிக்கும் கூகை என்ற ஆந்தைகளுக்குக் கூட்டுப் பெட்டிகள் வைக்கத் தொடங்கினார்கள். கூகைக்கு நாட்டு எல்லை தெரியாதே! அந்தப் பக்க வயலில் விஷம் தின்ற எலியைப் பிடித்தால் இந்தப் பக்கத்துக் கூகையும் செத்துப்போகும். ஆகவே அந்தப் பக்கத்து விவசாயிகளிடம் பேசாமல் முடியாது என்றானது. 2002-இல் பக்கத்து நாடான ஜோர்டான் இந்த முயற்சியில் சேர்ந்தது. பாலஸ்தீன விவசாயிகளும் சேர்ந்தார்கள். ஆந்தையைக் கெட்ட சகுனமாகப் பார்க்கும் வழக்கம் அங்கேயும் உண்டு, அதையும் மீறித்தான் பெட்டிகள் ஏறின. அந்த மண்ணின் பகை இதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் எலியைப் பற்றிப் பேசவாவது அவர்கள் ஒன்றாக உட்கார்ந்தார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. பசியும் விளைச்சலும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கவலை. பேச்சை அங்கிருந்து தொடங்குவது எளிது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஒன்றரை மாதத்துக்குள், 1945 அக்டோபர் 16 அன்று, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு தொடங்கப்பட்டது. அந்த நாளைத்தான் உலக உணவு நாளாகக் கொண்டாடுகிறோம். 2020-இல், பசித்தவர்களுக்கு உணவு கொண்டுசேர்க்கும் ஐ.நா. அமைப்பான உலக உணவுத் திட்டத்துக்குக் கொடுத்தது அமைதிக்கான நோபல் பரிசு என்பதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது, "சோறு போடுறதுக்கா சார்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். ஆமாம், அதற்குத்தான் என்றேன்.

இந்த அக்டோபர் 16 அன்று நம் தோட்டத்துக்கு நீங்களும் வர வேண்டும். காலையில் களை பறிப்போம், புதிதாக நான்கு பாத்தி கட்டுவோம். ஒவ்வொரு பாத்திக்கும் ஏற்கெனவே பழக்கமில்லாத இரண்டு குடும்பங்களைச் சேர்த்துவிடுவேன். இதில் மட்டும் என் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். மதியம் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடலாம். உங்கள் வீட்டில் எதைச் சாப்பிட மாட்டீர்கள், பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பதை வகுப்பாசிரியரிடம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். யாரும் தட்டைத் தள்ளிவைத்துக்கொண்டு உட்காரும்படி ஆகக் கூடாது.

இன்னொரு வேண்டுகோள். "அவனோடு சேராதே" என்ற சொல் வீட்டிலிருந்து கிளம்பி வகுப்பறைக்கு வருவதை நான் பார்க்கிறேன். தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

அழுக்கானாலும் பரவாயில்லை என்கிற துணியில் வாருங்கள். மண்வெட்டி இருந்தால் கொண்டுவாருங்கள், பள்ளியில் மூன்றுதான் இருக்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்