பீமின் முனை எதன் மேல் உட்காருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு நெல் கிடங்கில் சென்ற மாதம் மேல்தளம் போடும் வேலை நடந்தது. 6 மீட்டர் பீம், இரண்டு முனையும் செங்கல் சுவர் மேல். தளத்தில் 40 கிலோ சிப்பங்களை அடுக்கப் போகிறார்கள். டிசைன் செய்தவன் என் அக்கா மகன். மறுநாள் கான்கிரீட் என்றிருக்கும்போது, கம்பி கட்டும் பெரியவர் எனக்குப் போன் செய்தார்: "நடுவுல அடியில ரெண்டே ரெண்டு பதினாறு எம்எம் கம்பி போட்டிருக்கு சார். முனையில மேல மட்டும் மூணு. சரிதானா?"

சரியில்லை. போய்க் கேட்டால் பையன் மடிக்கணினியைத் திறந்து காட்டினான். "தொய்வு முக்கால் மில்லிமீட்டர்தான் மாமா. மெஷ்ஷைப் பாதியாக்கி, அதிலும் பாதியாக்கிப் பார்த்துட்டேன். மாறவே இல்லை." பீமை மென்பொருள் சிறு துண்டுகளாகப் பிரித்துத்தான் கணக்குப் போடும்; அந்தத் துண்டுகளின் வலைதான் மெஷ்.

எப்படி மாறும்? பீமின் இரண்டு முனை முகத்தையும் தேர்ந்தெடுத்து 'ஃபிக்ஸ்டு' என்று கொடுத்திருந்தான். இரண்டு பக்கமும் அசையாமல் இறுகப் பிடித்த பீமுக்கு மென்பொருள் சரியான விடையைத்தான் தந்தது. மெஷ்ஷை எவ்வளவு பொடியாக்கினாலும் அதே பீமின் விடைதான் இன்னும் துல்லியமாக வரும். "சுவர் மேல சும்மா உட்காருது மாப்ளே, அதை யார் பிடிச்சிருக்கா?" என்றேன். பதில் இல்லை.

சிமெண்ட் மூட்டைத் தாளின் பின்பக்கத்தில் அவனையே கணக்குப் போடச் சொன்னேன். சுமை மீட்டருக்கு 30 கிலோநியூட்டன், அதாவது சுமார் 3 டன். அதை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி 8ஆல் வகுத்தால் நடுவில் மொமெண்ட், அதாவது பீமை வளைக்கும் திருப்புவிசை, 135 கிலோநியூட்டன் மீட்டர். முனையை இறுக்கியதாக வைத்தால் 24ஆல் வகுக்க வேண்டும், 45தான் வரும். 300 மில்லிமீட்டர் அகலம், 600 மில்லிமீட்டர் உயரமுள்ள பீம், எம்25 தரக் கான்கிரீட்டுக்குத் தொய்வு 3.75 மில்லிமீட்டர், அவன் காட்டியதைப் போல ஐந்து மடங்கு. அடியில் ஐந்து பதினாறு வேண்டிய இடத்தில் இரண்டு கிடந்தது. அந்த இரண்டு கம்பி 135ஐத் தாங்காது. சிப்பம் ஏறிய பிறகு கீழே ஆள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்னும் தூக்கம் வரவில்லை.

சுவர் இறுகப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பவும் முடியாது. நம் டெல்டாக் களிமண் கோடையில் வெடிக்கும், தண்ணீர் வந்தால் ஊதும். அதோடு சுவரும் அசையும்.

நான் மென்பொருளுக்கு எதிரி இல்லை. அன்று இரவே அவன் ஒரு முனையின் அடி விளிம்பை எந்தத் திசையிலும் நகராமல் பிடித்து, மறு முனையைக் கீழே இறங்காமல் மட்டும் பிடித்து, நீளவாக்கில் நகர விட்டான். கைக்கணக்கை ஒட்டியே விடை வந்தது.

தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டக் கல்லூரி, பாலிடெக்னிக் ஆசிரியர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மாணவர் மென்பொருள் தந்த கலர் படத்தைக் காட்டும்போது, முனை எதன் மேல் உட்காருகிறது என்று முதலில் கேளுங்கள். அப்புறம் மொத்தச் சுமையும் இரு முனை எதிர்விசைகளின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எங்கள் பீமுக்கு மொத்தம் 180 கிலோநியூட்டன், முனைக்கு 90. உள்ளாட்சி அலுவலகங்களும் கிடங்கு, பள்ளிக் கட்டட வரைபடத்தோடு ஒரு பக்கக் கைக்கணக்கும் கட்டாயம் வாங்க வேண்டும்.

கிடங்கில் கான்கிரீட் மூன்று நாள் தள்ளிப்போனது. அடியில் இப்போது ஐந்து கம்பி இருக்கிறது.

ஒரு கட்டடப் பொறியாளர்,
மன்னார்குடி