வேணாம்னாவது ஒரு வரி பதில் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

இப்பல்லாம் யாரு நாவல் எழுதுறாங்கன்னு நிறைய பேர் கேக்குறாங்க. எழுதுறவங்க இருக்கோம் சார், எழுதினதை அனுப்பிட்டு பதிலே வராம உக்காந்திருக்கோம், அதை சொல்லத்தான் இந்த கடிதம்.

நான் பாரிமுனைல ஒரு ஆபீஸ்ல கணக்கு பாக்குறேன், வீடு பெரம்பூர். ராத்திரி சமையக்கட்டு வேலை முடிச்சு பையனும் தூங்கினதுக்கு அப்புறம் தான் என் நாவல். க்ரைம் நாவல். டிவில க்ரைம் தொடர்னா எனக்கும் மாமியாருக்கும் உயிர், அவங்க பாதிலயே கொலைகாரன் யாருன்னு சொல்லிடுவாங்க. எதை எப்ப சொல்லணும், எதை கடைசி வரைக்கும் மறைக்கணும்னு அதை பாத்து தான் கத்துக்கிட்டேன், அந்த நன்றி எப்பவும் உண்டு. ஆனா டிவியை மட்டும் நம்பி போலீஸ் கதை எழுத முடியாது. அதுல ஸ்டேஷன்ல நாலு தட்டு தட்டினதும் "ஆமா நான் தான் பண்ணேன்"ன்னு சொல்லிடுவான், கேஸ் முடிஞ்சிடும். நிஜத்துல போலீஸ்கிட்ட குடுத்த வாக்குமூலம் கோர்ட்ல குற்றத்தை நிரூபிக்க செல்லாது, மாஜிஸ்திரேட் முன்னாடி குடுத்தா தான் மதிப்பு. அதே மாதிரி செத்த உடம்பு விறைக்கிற கணக்கு, வெளிநாட்டு தொடர்ல குளிர் ஊருக்கு சொல்றதை நம்ம ஊர் மே மாச வெயிலுக்கு அப்படியே போட முடியாது, இங்க சீக்கிரம் விறைச்சு சீக்கிரமே தளர்ந்துடும்.

நான் எழுதிட்டு இருக்கும்போதே சட்டமும் மாறிடுச்சு. 2024 ஜூலை 1ல இருந்து கொலைக்கு பழைய தண்டனைச் சட்டத்தோட 302வது பிரிவு இல்ல, புது சட்டத்துல 103வது பிரிவு. ஆனா கொலை நடந்த தேதி அதுக்கு முன்னாடின்னா பழைய 302 தான், அதனால என் கதைல ஒவ்வொரு தேதியா திரும்ப பாத்தேன். லீவு நாள்ல கன்னிமாரா லைப்ரரி, அதே பாந்தியன் ரோட்ல பழைய கமிஷனர் ஆபீஸ் கட்டடத்துல 2021ல திறந்த போலீஸ் மியூசியம், ரெண்டுக்கும் போவேன். 1952 ஆளவந்தார் கொலை வழக்கை பத்தி படிச்சப்போ ரொம்ப நேரம் எழுந்திருக்கவே தோணல, அவரை மெட்ராஸ்ல கொலை பண்ணி உடம்பை ட்ரங்கு பெட்டில வச்சு ரயில் ஏத்தி அனுப்ப, அது மானாமதுரைல பிடிபட்டுச்சு, தலை ராயபுரம் கடற்கரைல கிடைச்சுது. டிஎன்ஏ டெஸ்ட் இல்லாத காலம், அப்பவே அது யாரோட உடம்புன்னு நிரூபிச்சு கேஸ் நடத்தியிருக்காங்க. இவ்ளோ கதை கிடக்குற ஊர்ல இருந்து புது க்ரைம் நாவல் வரலைன்னா எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கு.

எழுதி முடிச்சு அனுப்பினா அங்க தான் பிரச்சனையே. நான் யூனிகோட்ல, அதாவது இப்ப ஃபோன், கம்ப்யூட்டர் எல்லாத்துலயும் தெரியுற எழுத்து முறைல டைப் பண்ணி வச்சிருக்கேன், ஒரு பதிப்பகம் பழைய ஃபான்ட்ல மாத்தி குடுங்கன்னு சொல்லுச்சு, மாத்தினா ஒற்றெழுத்தெல்லாம் சிதறிடுச்சு, உக்காந்து வரி வரியா சரி பண்ணேன். இன்னொரு இடத்துல படிக்கவே இல்ல, பணம் கட்டினா போடுறோம்னு மட்டும் சொன்னாங்க. மத்தவங்ககிட்ட இருந்து கிடைச்சுதுன்னு கூட ஒரு வார்த்தை கிடையாது. ஒருத்தர்கிட்ட குடுத்துட்டு அவர் பதில் சொல்றதுக்குள்ள அடுத்தவருக்கு அனுப்புறது முறை இல்லன்னு சொல்றாங்க, சரி, அப்ப அவர் வேணாம்னு சொல்லணும் இல்லையா? சொல்லாம விட்டா கதை அங்கயே முடங்கிடுது.

பதிப்பாளருக்கும் கஷ்டம் உண்டுன்னு தெரியும், பேப்பர் விலை, அரசு நூலகங்களுக்கு புத்தகம் வாங்குற நூலக ஆணைக்கு காத்திருக்கிறது, வர்றதை எல்லாம் படிக்க ஆள் இல்லாதது. அதனால எல்லாத்தையும் போடுங்கன்னு நான் கேக்கல. ஜனவரில நந்தனத்துல புத்தகக் காட்சி நடக்கும்போது ஒவ்வொரு ஸ்டால்லயும் ஒரு சின்ன போர்டு வைங்க, புது ஆளோட நாவல் வாங்குவீங்களா இல்லையா, எந்த ஃபான்ட்ல வேணும், முழுசா அனுப்பணுமா மொதல்ல கொஞ்சம் அத்தியாயம் போதுமா, எத்தனை மாசத்துல பதில் வரும். அந்த மாசம் தாண்டினா நாங்களே வேணாம்னு எடுத்துக்கிட்டு அடுத்த இடம் பாத்துக்குறோம். உங்க பேப்பர்லயும் புத்தகக் காட்சி சமயத்துல இந்த விவரத்தை பதிப்பகங்கள்கிட்ட கேட்டு வாங்கி ஒரு பக்கம் போட்டீங்கன்னா என்னை மாதிரி எழுதுறவங்களுக்கு பெரிய உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை