இடம் வலம் மாறிய காலிப்பர்

அன்புள்ள சின்னவனுக்கு அப்பா எழுதுவது.

தீபாவளி முடிந்து டெல்லிக்குக் கிளம்பும்போது, "பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, புது பூஸ்டர் வாங்கிப் போட்டுவிடுங்கள் அப்பா" என்று சொல்லி ஸ்விஃப்டின் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாய். கால் மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் அந்தப் பூஸ்டரை நான் வாங்கவில்லை. காரணத்தை ஃபோனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன்.

நீ சொன்ன குறை ஒன்றல்ல, இரண்டு. பெடல் பஞ்சுபோல ஆழமாக அமுங்குகிறது என்றாய். ஓல்டு மெட்ராஸ் ரோட்டு நெரிசலில் ஊர்ந்து போகையில் அதே பெடல் கல்லாக இறுகிவிடுகிறது என்றும் சொன்னாய். ஒரே பாகம் கெட்டு இரண்டும் நேர்வது அரிது என்பதால் தனித்தனியாகவே தேடினேன்.

முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டு ஐந்தாறு முறை மிதித்து, அழுத்திய காலை ஒரு நிமிடம் எடுக்காமல் வைத்திருந்தேன். பெடல் மெல்ல இறங்கவில்லை. ஆகவே பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் கசியவில்லை. ஆனால் முதல் மிதிக்கு ஆழமாகப் போன பெடல், உடனே மறுபடி மிதித்தபோது மேலேயே நின்றது. பின்சக்கர டிரம்மில் உரசி நிறுத்தும் பிரேக் ஷூ தளர்ந்திருக்க வேண்டும், அல்லது ஆயிலில் காற்று இருக்க வேண்டும். டிரம்களைக் கழற்றிப் பார்த்தேன், குறையில்லை. முன்சக்கர ரப்பர் ஹோஸ்களைக் கிளாம்பால் மெதுவாக இறுக்கிவிட்டு மிதித்ததும் பெடல் கெட்டியாக நின்றது. அப்படியானால் காற்று முன்சக்கரப் பக்கம்தான் இருக்கிறது.

டார்ச்சோடு குனிந்து பார்த்தபோது சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. முன்சக்கர டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்க நீ ஆசையாக வாங்கிப் பூட்டிய பெரிய காலிப்பர்களில், காற்றெடுக்கும் நிப்பிள் அடிப்பக்கம் இருந்தது! போல்ட் இரண்டு பக்கமும் பொருந்தியதால், வேலை செய்தவர்கள் இடப்பக்கத்துக் காலிப்பரை வலப்பக்கத்திலும் வலப்பக்கத்ததை இடப்பக்கத்திலும் மாட்டிவிட்டார்கள். காற்று எப்போதும் மேலேதான் ஏறும்; நிப்பிள் கீழே இருந்தால் எத்தனை டப்பா ஆயில் ஊற்றி எடுத்தாலும் டியூபில் சுத்தமான ஆயில்தான் வருமே தவிர, உச்சியில் குந்தியிருக்கும் குமிழி அசையாது. இடம் மாற்றிப் பூட்டி, புதிதாக டாட் 4 ஆயில் ஊற்றி, எதிர்வீட்டுப் பையனை மிதிக்கச் சொல்லி நிப்பிளைத் திறந்தேன். டியூபில் சுண்டுவிரல் நீளத்துக்கு வெறும் காற்று வந்த பிறகுதான் ஆயிலே வந்தது. பஞ்சுத்தன்மை அத்தோடு போயிற்று.

இறுக்கத்துக்கு வருகிறேன். பெடலை அழுத்தியபடியே எஞ்சினைக் கிளப்பினேன். பெடல் சற்று இறங்கியது. பூஸ்டர் வேலை செய்கிறது, அதற்குத் தீனிதான் போதவில்லை. அது எஞ்சின் உறிஞ்சும் வேக்குவத்தில் இயங்குவது. வால்வுகளைத் திறக்கும் தண்டாக நீ போட்ட ரேஸ் கேம்ஷாஃப்ட், உள்ளிழுக்கும் வால்வையும் வெளியேற்றும் வால்வையும் சேர்த்துத் திறந்து வைத்திருக்கும் நேரத்தைக் கூட்டி, ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும் ஐடிலிங்கில் அந்த வேக்குவத்தைக் குறைத்துவிடுகிறது. வேக்குவம் அளக்கும் கேஜ் மாட்டிப் பார்த்தேன், 9 அங்குலப் பாதரச அளவைத் தாண்டவில்லை. கடல்மட்டத்தில் நல்ல எஞ்சின் 18 முதல் 20 வரை காட்டும். பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே அதுவே மூன்றங்குலம் குறையும். காலி ரோட்டில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் வேக்குவம் ஏறிவிடுவதால் உனக்குக் குறை தெரியவில்லை. ஊர்ந்துகொண்டே அடுத்தடுத்து மிதிக்கும்போது, செலவான வேக்குவம் திரும்பச் சேர்வதற்குள் அடுத்த மிதி வந்துவிடுகிறது. புது பூஸ்டரும் இதே பட்டினிதான் கிடந்திருக்கும்.

டயரையும் அளந்தேன். பழைய 185/70 ஆர்14-க்குப் பதில் நீ போட்டிருக்கும் 205/60 ஆர்16 விட்டத்தில் ஆறு சதவீதம் பெரியது. அதே பிரேக்குக்குத் தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசையும் ஏறக்குறைய அவ்வளவு குறையும். ஸ்பீடோமீட்டரும் வேகத்தைக் குறைத்துக் காட்டும். 195/55 ஆர்16 போட்டிருந்தால் பழைய அளவையே ஒட்டியிருக்கும்.

வேக்குவத்துக்குத் தனியாக மின்பம்பு வைக்கலாம் என்பார்கள். ஒரு வேண்டாத பாகத்தைக் காப்பாற்ற இன்னொரு பாகமா என்பதுதான் என் கருத்து. உன் பழைய கேம்ஷாஃப்டை ஆயில் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். நீ சரி என்றால் ஞாயிற்றுக்கிழமை மாட்டிவிடுகிறேன். அதுவரை வண்டி வாசலிலேயே நிற்கட்டும்.

அன்புடன்,
அப்பா
அல்சூர், பெங்களூரு