ஓட்டுப் போட்ட ஊரும் எண்ணிப் பார்த்த ஊரும்

ஆக்ஸ்பர்க்,
10.8.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் தங்கச்சியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் போனில் நீங்கள் கேட்டதற்கு நான் சொன்ன பதில் பாதிகூட உங்கள் காதில் விழவில்லை என்று அம்மா சொன்னாள். காது மிஷினுக்கு பேட்டரி மாற்றுங்கள் என்றால் கேட்கிறீர்களா? அதுதான் கடிதமாகவே எழுதிவிட்டேன். பேக்கரியில் சாயங்கால டீக்கு உங்கள் கூட்டாளிகளிடம் வாசித்துக் காட்டவும் வசதியாக இருக்கும்.

எழுத நேரமும் கிடைத்தது. வெள்ளிக்கிழமை இந்த ஊருக்கு மட்டும் லீவு. ஆகஸ்ட் 8 அமைதித் திருநாள் என்று 1650லிருந்து கொண்டாடுகிறார்கள். ஜெர்மனியில் வேறு எந்த ஊருக்கும் அன்றைக்கு விடுமுறை கிடையாது. பக்கத்து மியூனிக்கில் எல்லோரும் வேலைக்குப் போகும்போது நாங்கள் தூங்கலாம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். "ரெண்டு ஊர்லயும் இருந்தவன் நீ. இங்கிலாந்துக்காரன் முறை உசத்தியா, ஜெர்மன்காரன் முறை உசத்தியா?" என்று கேட்டீர்கள். ஒரு வரியில் சொல்ல முடிந்தால் போனிலேயே சொல்லியிருப்பேன்.

லண்டனில் எனக்கு ஓட்டு கிடைத்த கதையே வேடிக்கை. 2022இல் ஈஸ்ட் ஹாமில் அறை எடுத்தபோது கூடத் தங்கியிருந்த பையன், "வாக்காளர் பட்டியலில் பேரைச் சேர்த்துவிடு, அப்போதுதான் கடன் மதிப்பெண் ஏறும்" என்றான். போன் கனெக்‌ஷனுக்கும் அந்த மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள் என்பதால் பதிவு செய்தேன். அப்புறம்தான் தெரிந்தது, நிஜமாகவே ஓட்டும் உண்டு என்று. காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் அங்கே சட்டப்படி தங்கியிருந்தால் போதும், நாடாளுமன்றத் தேர்தலிலேயே வாக்களிக்கலாம். வெள்ளைக்காரன் நம்மை ஆண்டதற்கு மிச்சமாக ஒரு ஓட்டு கொடுத்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2024 ஜூலை 4, வியாழக்கிழமை. அங்கே வாக்குப்பதிவு என்றால் வியாழன்தான், லீவும் கிடையாது. காலை ஏழு மணியிலிருந்து இரவு பத்து வரை சாவடி திறந்திருந்ததால் வேலை முடிந்து போனேன். வாசலில் ஒரு நாய் கட்டிப் போட்டிருந்தது, அதன் எஜமானி உள்ளே ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நம் ஊர் மாதிரி நூறு மீட்டர் கோடும் இல்லை, கட்சிக் கொடியும் இல்லை, துப்பாக்கியோடு போலீசும் இல்லை. மேசையில் இருந்த அம்மா என் இந்திய பாஸ்போர்ட்டைப் பார்த்தார், அடிக்கோல் வைத்துப் பட்டியலில் என் பெயரின் மேல் ஒரு கோடு போட்டார், சீட்டைக் கொடுத்தார். மறைப்புக்குள் நூல் கட்டிய பென்சில். பென்சில்! விரலில் மை வைப்பார்கள் என்று பழக்க தோஷத்தில் இடது கையை நீட்டினேன். அவர் என்ன நினைத்தாரோ, சிரித்துக்கொண்டே கையைக் குலுக்கிவிட்டார்.

ஆனால் அந்த ஓட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்று கேட்டால் சங்கடம். ஈஸ்ட் ஹாமில் ஸ்டீபன் டிம்ஸ் என்ற தொழிலாளர் கட்சிக்காரர் 1990களிலிருந்து ஜெயித்துக்கொண்டே இருக்கிறார். நான் போட்டாலும் போடாவிட்டாலும் அவர்தான். கெட்ட மனிதர் என்று சொல்லவில்லை. அங்கே எம்.பி.க்கள் தொகுதி மக்களை நேரில் உட்கார்ந்து சந்திப்பார்கள், அதற்குப் பெயர் 'சர்ஜரி'. எம்.பி.யின் சர்ஜரிக்குப் போய் வந்தேன் என்று ஒருத்தர் சொன்னபோது அவருக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்று நினைத்து உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவைத்தேன்.

மற்றபடி அவர்கள் முறை உங்களுக்குத் தெரிந்ததுதான், நம்முடையது அங்கிருந்து வந்ததே. தொகுதியில் யார் முதலில் வருகிறாரோ அவருக்கு எல்லாம். ரெண்டாவது வந்தவன் ஒரு ஓட்டில் தோற்றாலும் வீட்டுக்குத்தான். அந்தத் தேர்தலில் தொழிலாளர் கட்சி வாங்கியது 33.7 சதவீதம், பிடித்தது 650இல் 411 இடம். சீர்திருத்தக் கட்சி என்று நைஜல் ஃபராஜ் நடத்துவது, வந்தேறிகளைக் குறைக்க வேண்டும் என்று பேசுவது, 14.3 சதவீதம் வாங்கி ஐந்தே இடத்தோடு நின்றது. அதைவிடக் குறைவாக 12.2 சதவீதம் வாங்கிய லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 72. கணக்கு வாத்தியாரான உங்களுக்கு இதைப் பார்த்தால் கையில் பிரம்பு எடுக்கத் தோன்றும்.

ஆனால் வேகம் என்றால் அதுதான் வேகம். இரவு பத்துக்கு வாக்குப்பதிவு முடிந்தது, மறுநாள் மத்தியானத்துக்குள் பெங்களூர் மருமகன் சுனக் வெளியே போய் ஸ்டார்மர் பிரதமர் வீட்டுக்குள் வந்துவிட்டார். கூவத்தூர் ரிசார்ட் கிடையாது, பேரம் கிடையாது. சுனக் தொகுதியில் தலையில் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துக்கொண்டு ஒருவர் வேட்பாளராக நின்றார், முடிவு அறிவிக்கும்போது பிரதமர் இருந்த அதே மேடையில் அவரும். 308 ஓட்டு! டெபாசிட் 500 பவுண்டு போயிற்று. அதைப் பார்த்தபோது உங்கள் மொடக்குறிச்சி ஞாபகம் வந்தது. 1996இல் 1,033 பேர் நின்று, வாக்குச் சீட்டைப் புத்தகமாகவே அச்சடித்தார்களே, அங்கே டியூட்டி பார்த்த கதையை நீங்கள் எத்தனை கல்யாண வீட்டில் சொல்லியிருப்பீர்கள்.

வேகத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. நான் லண்டனுக்குப் போன அதே 2022இல் மூன்று பிரதமர்களைப் பார்த்துவிட்டேன்: ஜான்சன், டிரஸ், சுனக். டிரஸ் 49 நாள்தான். நடுவில் பொதுத்தேர்தலே நடக்கவில்லை, எல்லாம் ஆளுங்கட்சிக்குள் முடிந்துவிட்டது.

2024 அக்டோபரில் ஜெர்மனிக்கு மாறினேன். பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்கவில்லை, நவம்பர் 6ஆம் தேதி இங்கே ஆட்சி உடைந்தது. பிரதமர் ஷோல்ஸ் தன் நிதியமைச்சரையே நீக்கினார், மூன்று கட்சிக் கூட்டணி முறிந்தது. அடுத்த நாள் கேன்டீனில் ஏதாவது பரபரப்பு இருக்கும் என்று போனேன். உருளைக்கிழங்கு சாலட் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஏன் என்று அப்புறம் புரிந்தது. இங்கே ஆட்சியைச் சும்மா கவிழ்க்க முடியாது. 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்ததே, அன்றைக்கு நீங்கள் சாப்பிடாமல் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் எல்லோரும் சேர்ந்து வேறு ஒருவரைப் பிரதமராக்க முடியவில்லை, மறுபடி தேர்தல் வந்தது. அந்த விளையாட்டு இங்கே செல்லாது. பிரதமரை இறக்க வேண்டும் என்றால் அதே ஓட்டில் அடுத்தவரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். இடிப்பதற்குக் கூடுகிற கூட்டம் கட்டவும் கூட வேண்டும் என்கிற கணக்கு. ஹிட்லருக்கு முந்தைய வைமார் குடியரசில் ஆட்சிகள் சீட்டுக்கட்டாய்ச் சரிந்ததைப் பார்த்தவர்கள் 1949 அரசியல் சட்டத்தில் எழுதி வைத்தது. இதுவரை ஒரே ஒரு தடவைதான் பலித்திருக்கிறது, 1982இல் ஷ்மிட்டை இறக்கி ஹெல்முட் கோலை ஏற்றினார்கள். அதனால் ஷோல்ஸே நாடாளுமன்றத்தில் நம்பிக்கை ஓட்டு கேட்டு, வேண்டுமென்றே தோற்று, தேர்தலுக்கு வழி செய்ய வேண்டியிருந்தது. தோற்பதற்காக ஓட்டு கேட்ட மனிதரை அப்போதுதான் பார்க்கிறேன்.

தேர்தல் பிப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஓட்டு இல்லை. வரி மட்டும் உண்டு, சம்பளச் சீட்டைப் பார்த்தால் அழுகை வரும். ஆனால் ஓட்டு எண்ணுவதை யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்க்கலாம், குடிமகனாக இருக்க வேண்டியதில்லை என்று ஆபீசில் ஒருவர் சொன்னார். நம்பாமல்தான் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஆறு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தும் கதவை மூடவில்லை. என்னைப் பார்த்து ஒரு பெரியவர் தலையசைத்து, சுவரோரம் நாற்காலியைக் காட்டினார். அடையாள அட்டைகூடக் கேட்கவில்லை.

அப்பா, நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். பெட்டியை இரண்டு மேசை சேர்த்துப் போட்ட இடத்தில் கவிழ்த்தார்கள். முழ நீளச் சீட்டு ஒவ்வொன்றும். இடது பக்கம் கறுப்பு எழுத்தில் தொகுதி வேட்பாளர், வலது பக்கம் நீல எழுத்தில் கட்சி. ஒருவருக்கு இரண்டு ஓட்டு: ஆளுக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று. மேல் மூலையில் ஒரு வெட்டு இருக்கும். பார்வையில்லாதவர்கள் அதைத் தடவி, துளையிட்ட அட்டையைச் சரியாகப் பொருத்திக்கொள்ளத்தான். முதலில் ரெண்டு ஓட்டும் ஒரே கட்சிக்குப் போட்டவற்றை அடுக்கினார்கள், அப்புறம் பிரித்துப் போட்டவை, அப்புறம் வெற்றுச் சீட்டு. சந்தேகச் சீட்டுகள் தனி. ஒன்றில் யாரோ வட்டத்துக்குள் சிரிக்கிற முகம் வரைந்திருந்தார்கள், அதைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து பேர் பேசினார்கள். செல்லுமா செல்லாதா என்று நீங்களும் ஏஜென்டுகளும் மல்லுக்கட்டுவீர்களே, அதே முகங்கள்தான், சத்தம் மட்டும் இல்லை. எல்லோரும் அக்கம்பக்கத்து ஆட்கள், கிடைக்கிற சிறு தொகைக்குப் பெயரே 'சிற்றுண்டிப் பணம்'.

மிஷின் ஏன் இல்லை என்று கேட்டேன். 2005 தேர்தலில் சில இடங்களில் வைத்தார்களாம். 2009இல் இங்கத்திய அரசியல் சட்ட நீதிமன்றம் அது செல்லாது என்றது. கம்ப்யூட்டர் படிக்காத சாதாரண ஆளும் தன் ஓட்டு சரியாக எண்ணப்பட்டதா என்று சோதித்துப் பார்க்க முடிய வேண்டும் என்பதுதான் தீர்ப்பின் சாரம். இதை பேக்கரியில் கண்டிப்பாக வாசியுங்கள், யார் யார் சண்டைக்கு வருவார்கள் என்று எனக்குத் தெரியும்.

இங்கே அந்த நீல ஓட்டுதான் ராஜா. கட்சிக்கு எத்தனை சதவீதமோ கிட்டத்தட்ட அத்தனை சதவீத இடம், மொத்தம் 630. ஐந்து சதவீதத்துக்குக் கீழே போனால் அநேகமாகப் பூஜ்யம். சாரா வாகன்க்னெஹ்ட் என்பவரின் புதுக்கட்சி 4.98இல் நின்றது. யோசித்துப் பாருங்கள், நாடு முழுக்க பத்தாயிரத்துக்கும் குறைவான ஓட்டில் உள்ளே போகவில்லை. புதுச் சட்டத்தில் இன்னொரு விநோதம். தொகுதியில் முதலிடம் வந்தாலும், கட்சிக்கு அந்த மாநிலத்தில் கிடைத்த நீல ஓட்டுக் கணக்குக்குள் அடங்காவிட்டால் சீட் கிடையாது. எங்கள் ஆக்ஸ்பர்க்கிலேயே அது நடந்தது. 2013லிருந்து எம்.பி.யாக இருந்த ஃபோல்கர் உல்ரிஷ் தொகுதியில் ஜெயித்தார், பெர்லினுக்குப் போகவில்லை. இப்படி நாடு முழுக்க 23 பேர். நம் ஊரில் நடந்தால் பஸ் ஓடுமா?

இப்போது என்னை உறுத்துவதைச் சொல்கிறேன். ஃபராஜ் கட்சிக்கு லண்டன் நாடாளுமன்றத்தில் ஐந்து இடம் என்றேன். அதே ரகமான ஏ.எஃப்.டி. கட்சி இங்கே 20.8 சதவீதம் வாங்கி 152 இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது பெரிய கட்சி. முடிவு வந்த மறுநாள் டிராமில் எதிரே இருந்தவர்களைப் பார்த்து, ஐந்தில் ஒருவர், இதில் யார் என்று எண்ணிக்கொண்டே போனேன். அப்படி எண்ணக் கூடாது, ஆனால் எண்ணினேன். அன்றைக்கெல்லாம் லண்டன் முறையே நல்லது என்று தோன்றியது. ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. எனக்குப் பிடிக்காத கட்சியின் சீட்டைக் குறைத்தது என்பதற்காக ஒரு முறை நல்லதாகிவிடுமா? 33.7 சதவீதத்தில் 411 இடம் ஒருத்தருக்குக் கிடைக்கும் என்றால் இன்னொருத்தருக்கும் கிடைக்கும். ஃபராஜ் முப்பதைத் தாண்டினால் அதே முறை அவரைத் தூக்கி உட்கார வைக்கும், கேட்க ஆளில்லாமல். இங்கே 20.8 வாங்கியவர்கள் ஆட்சிக்கு வரவில்லை, மற்ற கட்சிகள் அவர்களோடு கூட்டு இல்லை என்றுவிட்டன. பயம் கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் அதன் அளவு எனக்குத் தெரிகிறது. நான் ஜெர்மன் முறைக்குத்தான் என் ஓட்டு என்பேன், ஓட்டு இருந்தால்.

தாமதம் மட்டும் பொறுமையைச் சோதிக்கும். பிப்ரவரியில் ஓட்டு, முதலிடம் வந்த கட்சியின் தலைவர் மெர்ஸ் மே 6ஆம் தேதிதான் பிரதமரானார். அதிலும் அன்று காலை நாடாளுமன்றத்தில் 316 வேண்டிய இடத்தில் 310 விழுந்து தோற்றார். ரகசிய ஓட்டு, சொந்தக் கூட்டணியில் யார் கவிழ்த்தார்கள் என்பது தெரியவில்லை. மத்தியானம் மறுபடி ஓட்டெடுத்து 325இல் தேறினார்.

மாநில சுயாட்சி பேசும் உங்கள் நண்பருக்கு ஒன்று. இங்கத்திய மேலவையில் உட்காருவது மாநில அரசுகளே. முதலமைச்சரும் மாநில அமைச்சர்களும் நேரே போய் மாநிலத்துக்கென்று உள்ள ஓட்டை மொத்தமாகப் போடுவார்கள். எங்கள் பவேரியாவுக்கு ஆறு ஓட்டு. லண்டன் மேலவையிலோ பிஷப்புகளுக்கு 26 இடம்.

இங்கேயே குடியுரிமை வாங்கிவிடுவேனா என்று அம்மா கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடம் இருந்தால் இங்கே குடியுரிமை கேட்கலாம். 2024இலிருந்து பழைய பாஸ்போர்ட்டை விடச் சொல்லி ஜெர்மனி கேட்பதில்லை, ஆனால் நம் நாடு இரட்டைக் குடியுரிமை தராது. நீல ஓட்டு வேண்டுமென்றால் ஈரோட்டு ஓட்டை விட வேண்டும். இன்னும் நாலு வருடம் இருக்கிறது. அம்மாவிடம் இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள்.

அப்புறம், வருகிற மார்ச் 8ஆம் தேதி இங்கே நகராட்சித் தேர்தல். மன்றத்தில் 60 இடம், அதனால் ஒரு ஆளுக்கு 60 ஓட்டு. பிடித்தவருக்கு மூன்று வரை போடலாம், கட்சி மாற்றி மாற்றிப் போடலாம். சீட்டை விரித்தால் ஒரு மேசை கொள்ளாது என்கிறார்கள். விசாவுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன், நீங்களும் அம்மாவும் பிப்ரவரி கடைசியில் வந்துவிடுங்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் சுவரோரம் இரண்டு நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்வோம். குளிர் இருக்கும், மங்கி குல்லா எடுத்து வாருங்கள். வரும்போது சந்தகை அச்சும் பெட்டியில் இருக்கட்டும், இங்கே கிடைப்பதில்லை.

அன்புடன்,
உங்கள் மகன்